பள்ளிவாசலின் மின்சாரமும் கம்பியில்லா உணரிகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மின்பொறியாளரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

கடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இரண்டு செய்திகள் காரசாரமாகப் பேசப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்று, பள்ளியின் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவது. மற்றொன்று, உள்பள்ளிக்குக் குளிர்சாதனம் பொருத்த வேண்டும் என்னும் கோரிக்கை. முதற் செய்தியைப் பேசும்போது, மோதினார் அவர்கள் விசிறிகளையும் விளக்குகளையும் அணைக்க மறந்து விடுகிறார் என்று சிலர் குறை கூறினார்கள். அவர் எழுந்து மறுமொழி சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சென்றார். அந்தக் காட்சி என் மனத்தை உறுத்தியது. ஒரு செய்தி காதுக்கு எட்டினால் அதனைத் தீர விசாரித்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். நாம் விசாரித்தோமா?

ஆகவே நானும் மோதினார் அவர்களும் ஓர் எளிய வேலை செய்தோம். ஏழு இரவுகள் இஷாத் தொழுகைக்குப் பின் கதவுகளைச் சாத்தும் வேளையில் மின்வாரிய மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டோம். சுபுஹு பாங்கிற்கு முன் மீண்டும் குறித்தோம். எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருந்தன. நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆயினும் மீட்டர் ஓடியிருந்தது. மூன்றாம் இரவு தூங்காமல் அமர்ந்திருந்தபோதுதான் காரணம் புலப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் தண்ணீர் மோட்டார் தானாக ஓடியது; நின்றது; மீண்டும் ஓடியது. ஹவ்ளுக்குச் செல்லும் குழாய் ஒன்று தரைக்கு அடியில் கசிந்து, மேல்நிலைத் தொட்டி காலியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டியின் மட்டம் இறங்கும்போதெல்லாம் தானியங்கிச் சுவிட்ச் மோட்டாரை ஓட்டியிருக்கிறது. நீரும் வீண், மின்சாரமும் வீண். இவற்றைவிடப் பெரிய இழப்பு, குற்றமற்ற ஒருவர் மீது நாம் சுமத்திய பழி. இந்த அவையில் அதனை நான் முதற்கண் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்தச் சிறு நிகழ்ச்சியே இன்று நான் பேச வந்த பொருளுக்கு வாயில். நாம் ஏழு இரவுகள் கண்விழித்துச் செய்த வேலையை ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓயாமல் செய்யக்கூடிய சிறு கருவிகள் இன்று இருக்கின்றன. அவற்றிற்குக் கம்பியில்லா உணரிகள் என்று பெயர். சென்சார் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

உணரி வலையமைப்பு என்பது யாது?

ஒரு கட்டடத்தில் மின்சாரம் செலவாகும் இடங்கள் பல. அளக்கும் மீட்டரோ ஒன்றே. இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் கட்டணக் கணக்கு, கடைசி மொத்தம் மட்டும் எழுதப்பட்ட மளிகைச் சீட்டைப் போன்றது. அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று அதில் இராது. எங்கே சிக்கனம் செய்வது என்று எப்படித் தெரியும்?

உணரிகள் அந்தச் சீட்டின் வரிகளை நமக்கு எழுதித் தருகின்றன. ஒன்று வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும். ஒன்று மனித நடமாட்டத்தை அறியும். ஒன்று காற்றில் உள்ள கரியமிலவாயுவை அளக்கும். ஒன்று மின்கம்பியைச் சுற்றி வளையம்போல் பிடித்துக்கொண்டு, கம்பியை வெட்டாமலேயே அதில் ஓடும் மின்னோட்டத்தைச் சொல்லும். ஒன்று தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் சிறு பேட்டரியும் சிறு வானொலிக் கருவியும் உண்டு. அளந்ததை வானொலி அலை வழியே நடுநிலையத்திற்கு அனுப்பும். நடுநிலையம் கணக்கெழுதும், நாம் பணித்தால் விசிறியையோ மோட்டாரையோ நிறுத்தவும் செய்யும்.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டோபர் பிஸ்டர் என்னும் பேராசிரியர், தூசியளவு சிறிய உணரிகளை உருவாக்கும் ஆய்வைத் தொடங்கினார். 2002ஆம் ஆண்டு மெய்ன் மாநிலக் கடலோரத்திலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளில் இத்தகைய உணரிகள் வைக்கப்பட்டன. மனிதர் சென்று தொந்தரவு செய்யாமலே வளையின் வெப்பமும் ஈரமும் அறியப்பட்டன. 2003ஆம் ஆண்டு இவ்வகைக் குறைந்த மின்செலவுக் கருவிகளுக்குப் பொதுவான ஒரு தரநிலை வெளியாயிற்று. அதன் மீது எழுந்ததே இன்று கட்டடங்களில் பரவலாகப் பயன்படும் ஜிக்பீ முறை. நமக்கு அருகில், மூணாற்றில் மண்சரிவு அபாயமுள்ள ஒரு மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் இதே வகை வலையமைப்பை நிறுவி, மண்ணின் நீரழுத்தத்தையும் அசைவையும் கண்காணித்து முன்னெச்சரிக்கை அளித்திருக்கிறார்கள். பறவையின் வளைக்கும் மலைச்சரிவுக்கும் பயன்பட்ட நுட்பம் பள்ளிவாசலுக்குப் பயன்படாதா?

முபல்லிக் செய்த வேலை

இக்கருவிகளின் வானொலி ஆற்றல் மிகக் குறைவு. நம் பழைய பள்ளிகளின் தடித்த கற்சுவர்களை அது எளிதில் ஊடுருவாது. பிறகு எப்படிச் செய்தி போய்ச் சேரும்?

ஒலிபெருக்கி வராத காலத்தை மூத்தோர் அறிவார்கள். பெருநாள் தொழுகையில் இமாமின் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது. நடுவில் நிற்கும் முபல்லிக் தக்பீரை உரக்கத் திருப்பிச் சொல்வார். அதைக் கேட்டு அவருக்கும் பின்னால் நிற்பவர் சொல்வார். எவரும் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை. ஒருவர் அடுத்தவருக்கு எட்டச் சொன்னால் போதும், வெளிப்பள்ளி வரையில் செய்தி சென்றுவிடும். உணரி வலையமைப்பு செய்வது இதுவே. இடையில் நிற்கும் கருவிகள் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்துகின்றன. ஒன்று பழுதுபட்டால் செய்தி வேறு வழியாகச் சுற்றிச் செல்லும்.

இனிப் பேட்டரி. முத்துக்குளிக்க மூழ்கியவர் கடலடியில் பேசிக்கொண்டிருக்கவில்லை. மேலேற வேண்டிய நேரத்தில் கயிற்றை ஒருமுறை அசைத்தார். மேலே இருந்தவர் இழுத்தார். உணரியும் பெரும்பொழுது உறங்குகிறது. வேளை வந்ததும் விழித்து ஒரு சொல் சொல்லிவிட்டு மீண்டும் உறங்குகிறது. கணக்குப் பார்ப்போம். விழித்திருக்கும்போது ஓர் உணரிக்கு 20 மில்லி ஆம்பியர் தேவை என்று கொள்வோம். 2,500 மில்லி ஆம்பியர் மணிக் கொள்ளளவுள்ள பேட்டரி, ஓயாமல் விழித்திருந்தால் 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாட்களில் தீர்ந்துவிடும். ஐந்து நிமிடத்திற்கு ஒரு விநாடி மட்டும் விழித்தால், கணக்கின்படி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வரும். நடைமுறையில் சற்றுக் குறையும். சுபுஹு முதல் இஷா வரை செய்தி சேகரிக்கும் ஒரு கருவிக்கு இது போதாதா?

பள்ளிவாசல் அலுவலகமன்று

இங்கே நான் என் சொந்தத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரின் பள்ளிவாசலுக்கு, ஆள் நடமாட்டம் இருந்தால் எரிந்து, இல்லாவிட்டால் அணையும் விளக்குகளை அமைத்துக் கொடுத்தேன். அலுவலகங்களில் செம்மையாக வேலை செய்தவை அவை. ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு முதியவர் இஃதிகாஃபில் அமர்ந்திருந்தார். அசையாமல் திக்ரில் ஆழ்ந்திருந்த அவரைக் கருவி காணவில்லை. விளக்கு அணைந்தது. இருட்டில் எழுந்த அவர் தூணில் மோதிக் காயமுற்றார். மறுநாளே அந்தக் கருவிகளை அவர்கள் கழற்றி எறிந்தார்கள், அது நியாயமே.

அந்தக் கருவி உடல் வெப்பத்தின் அசைவைக் கண்டு இயங்குவது. அசையாதவர் அதன் பார்வையில் இல்லாதவர். மேலும், நம் கடற்கரைக் கோடையில் அறையின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை இன்னும் மங்கிவிடும். தொழுகையின் இருப்பிலும், ஓதலிலும், தியானத்திலும் அசைவின்மையே ஒழுங்கு. ஆகவே நடமாட்ட உணரியை மட்டும் நம்பிப் பள்ளியின் விளக்கை அதன் கையில் ஒப்படைக்கக் கூடாது. கைச்சுவிட்ச் எப்போதும் கருவியை மிஞ்சி நிற்க வேண்டும். வழிநடைகளிலும் படிகளிலும் ஒரு சிறு விளக்கு அணையாமல் இருக்க வேண்டும்.

மறுபுறம், அலுவலகத்திற்கு இல்லாத இரண்டு வசதிகள் பள்ளிவாசலுக்கு உண்டு. முதலாவது, நேரம். ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனின் போக்கைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டவை. எப்போது மக்கள் வருவார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஸஃப்பு. முன்வரிசை நிறைந்த பின்னரே அடுத்த வரிசை என்பது நம் ஒழுங்கு. வணிக வளாகத்தில் மக்கள் எங்கே நிற்பார்கள் என்று எவரும் அறியார். பள்ளியில் இருபது பேர் வந்தால் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது எல்லோர்க்கும் தெரியும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? லுஹருக்கு இரண்டு வரிசை ஆட்கள். விசிறிகளோ கடைசி வரிசை வரை சுழல்கின்றன. ஏனெனில் ஒரு சுவிட்ச் போட்டால் ஒரு தூண் வரிசை முழுவதும், முன்னிருந்து பின்வரை, ஓடுமாறு கம்பி இழுக்கப்பட்டிருக்கிறது. அணைக்க மறந்தவர் எவருமில்லை. குறை கம்பியமைப்பில்!

விசிறிகளை ஸஃப்பு வாரியாகப் பிரித்தால் என்ன மிஞ்சும்? எடுத்துக்காட்டாக, 40 பழைய விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓடினால் மணிக்கு மூன்று யூனிட். வேளைக்கு ஒரு மணி நேரமாக ஐந்து வேளைக்கு 15 யூனிட். சாதாரண நாளில் முன்புறப் பத்து விசிறிகள் போதுமென்றால் நான்கு யூனிட்டுக்கும் குறைவு. ஜும்ஆ நாட்களையும் ரமளான் மாதத்தையும் விலக்கிவிட்டே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய விசிறிகளை மாற்றி, 30 வாட் அளவில் இயங்கும் பிரஷ் இல்லாத மோட்டார் விசிறிகளைப் பொருத்தினால், எந்த உணரியும் இல்லாமலே பாதிக்கு மேற்பட்ட செலவு குறையும். கருவி விற்க வருபவர் இதனை உங்களிடம் முதலில் சொல்ல மாட்டார். எளியது முதலில், கருவி பிறகு.

நம் ஊரின் கடனும் கடற்காற்றும்

தூத்துக்குடியில் வாழும் நமக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துறைமுகத்திற்குக் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியையும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1979ஆம் ஆண்டு தொடங்கி 1992க்குள் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளாக வளர்ந்த நிலையம் அது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். சற்றுமுன் கண்ட 3,000 யூனிட் என்பது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி. அதன் சாம்பலும் புகையும் முதலில் வந்து சேர்வது நம் ஊருக்குத்தான்.

ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். மின்சாரம் நம் வீட்டில் ஊறும் ஊற்றன்று. பள்ளியின் பணமோ வக்ஃபு, அதாவது அமானிதம். அதில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் ஏழை மாணவரின் கல்விக் கட்டணமாகவோ விதவையின் மருந்துச் செலவாகவோ ஆகக்கூடியது.

நம் கடற்கரையில் கருவி வைப்போர் இரண்டைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று செம்பையும் ஈயப்பற்றையும் அரித்துவிடும். உள்நாட்டு நகரத்தில் பல்லாண்டு உழைக்கும் கருவி இங்கே விரைவில் பழுதாகும். மின்சுற்றுப் பலகைக்குக் காப்புப் பூச்சும், தூசியும் நீரும் புகாத பெட்டியும் வேண்டும். அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் பட்ட பாட்டை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நடுநிலையமும் மின்பலகையும் ஆள் உயரத்திற்கு மேல் இருக்க வேண்டும் என்பது அந்த மழை கற்பித்த பாடம்.

குளிர்சாதனம் பற்றி

இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் வெப்பம் உண்மையிலேயே துன்பம்; அதனை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எவரும் கடலைப் பார்த்த உடனே படகுகளை அழைத்துவிடவில்லை. முதலில் முத்துப்பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிட்டார்கள். பலன் உண்டு என்று தெரிந்த பின்னரே அறிவிப்பு வந்தது. அதன் பிறகே காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் படகுகள் திரண்டன. 1961ஆம் ஆண்டுடன் தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அளந்த பின் இறங்கு என்னும் அந்த ஒழுங்கை நாம் இழக்க வேண்டியதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய பள்ளிகளில் கற்தூண்களும் உயர்ந்த மண்டபமும் திறந்த வெளியும் இருப்பது அழகுக்காக மட்டுமன்று. 2004 ஜூலை 14 அன்று, நம் இராமேஸ்வரத்து மைந்தர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் ஐதராபாத்தில் இந்தியத் தொழிற்கூட்டமைப்பின் பசுமை வணிக மையத்தைத் திறந்து வைத்தார்கள். அமெரிக்காவிற்கு வெளியே லீட் பிளாட்டினம் தரம் பெற்ற முதல் கட்டடம் அது. அங்கேயும் நடுமுற்றம், காற்றுக் கோபுரம், துளையிட்ட சாளரச் சுவர், கூரைமேல் தோட்டம் ஆகியவையே முன்னணியில் நின்றன. நம் முன்னோர் கட்டியதை அறிவியல் உறுதி செய்தது.

குளிர்சாதனத்திற்காகச் சாளரங்களை அடைத்தால் இன்னொரு சிக்கல் எழும். வீடுகளில் காணும் சாதாரணப் பெட்டிகள் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுபவை. வெளிக்காற்றில் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் உள்ளது. அடைத்த மண்டபத்தில் ஜும்ஆவுக்கு மக்கள் நிறைந்தால் அது விரைவில் 1,000ஐத் தாண்டும். குத்பாவில் வரும் தூக்கத்திற்கு ஹஜ்ரத் அவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்! இதனை அளந்து, வெளிக்காற்று விசிறியை இயக்குவது உணரியின் மிகப் பயனுள்ள வேலைகளுள் ஒன்று. குளிர்சாதனம் வைத்தே தீர வேண்டுமென்றால் 24 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம். 2020 ஜனவரி முதல் புதிய அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் அந்த அளவிலேயே தொடங்குமாறு விதி வந்ததன் நோக்கமும் சிக்கனமே. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

உலகப் பள்ளிவாசல்களும் இவ்வழியில் நடக்கின்றன. மொராக்கோ அரசு 2016ஆம் ஆண்டு மராகேஷ் மாநாட்டை ஒட்டி 600 பள்ளிவாசல்களைச் சூரிய ஒளிக்கும் சிக்கன விளக்குகளுக்கும் மாற்றும் திட்டத்தை அறிவித்தது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் 2022ஆம் ஆண்டு எட்ஜ் என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற்றது. வழிபாட்டுத் தலங்களுள் அதனை முதலில் பெற்றது அதுவே.

என் வேண்டுகோள்

நிர்வாகக் குழுவிடம் நான்கு செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒன்று: கசியும் குழாயைச் செம்மைப்படுத்தி, விசிறிகளின் கம்பியை ஸஃப்பு வாரியாக மாற்றுவோம். இரண்டு: மோட்டார், விசிறி, விளக்கு ஆகிய மூன்று வழிகளுக்கும் உள்பள்ளியின் வெப்பத்திற்கும் தொட்டியின் மட்டத்திற்கும் மட்டும் உணரிகள் வைத்து ஓராண்டு கணக்கெடுப்போம். மூன்று: அந்தக் கணக்கைப் பார்த்த பின்னரே குளிர்சாதனம் பற்றி முடிவு செய்வோம். நான்கு: கணக்கு பள்ளியின் கணினியிலேயே இருக்கட்டும், கேமரா எதுவும் இத்திட்டத்தில் வேண்டாம். எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது.

இதனால் மோதினாருக்கு வேலை போய்விடுமா என்று ஒரு சகோதரர் கேட்டார். இல்லை. கருவி எண்களைத் தரும். பள்ளியை அறிந்தவர் அவரே. ஏழு இரவும் என்னோடு விழித்திருந்து, மோட்டாரின் ஓசையை எனக்கு முன்பே கேட்டவர் அவர். கருவியைப் பேணும் பொறுப்பையும் அதற்குரிய பயிற்சியையும் ஊதிய உயர்வையும் அவருக்கே அளிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அத்துடன், சென்ற ஆண்டு இந்த அவையில் பேசியவர்களும் கேட்டிருந்தவர்களுமாகிய நாம் அனைவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். நானும் அன்று வாய்மூடி இருந்தவன். ஆகையால் முதலில் நான் கேட்கிறேன்.

வல்ல அல்லாஹ் நமக்கு அளித்த அருட்கொடைகளை அளவறிந்து பயன்படுத்தும் பக்குவத்தையும், ஒருவர் மீது சொல் எறியும் முன் விசாரித்தறியும் நிதானத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.